மெட்ராஸ் நூலகங்களில் ஒளிந்திருக்கும் பெண்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம் 1680 நவம்பர் 4 அன்று நடந்தது. மணமகன் எலிஹூ யேல். பின்னாளில் மெட்ராஸ் ஆளுநர் ஆனவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. மணமகள் கேதரின். பிறந்த வீட்டில் எல்ஃபோர்டு, முதல் கணவரால் ஹின்மர்ஸ், இரண்டாவது கணவரால் யேல். யேலைத் தேடுகிறவருக்கு அலமாரி அலமாரியாகக் கிடைக்கும். கேதரினைத் தேடுகிறவர் நூலக அட்டவணையில் மூன்று எழுத்துகளின் கீழ் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது எழுத்திலும் "பார்க்க: கணவர்" என்றுதான் இருக்கும்.

இந்த நகரத்தின் பழைய நூலகங்களில் பெண்களைப் பற்றிய தாள்களுக்குப் பஞ்சமில்லை. அவை கணவர் பெயரிலும், முதலெழுத்துகளிலும், பள்ளிக்கூடக் கணக்கிலும், தடை உத்தரவிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கியவர் எப்படி யோசித்தார் என்று பிடிபட்டுவிட்டால் தேடுவது பாதி முடிந்தது. ஒரு பெண்ணைப் பற்றிக் கட்டுரையோ, ஊர்நடைக்கான குறிப்போ, விக்கிப்பீடியா பதிவோ எழுத நினைப்பவர்களுக்கான வேலைமுறை இது.

முதல் வேலை: பெயர்த் தாள்

நூலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. ஒரு முழுத்தாளை எடுத்து, அந்தப் பெண் எந்தெந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கலாமோ அத்தனையையும் எழுதுங்கள். எட்டுப் பத்து வடிவங்களாவது தேற வேண்டும். அதற்குக் குறைந்தால் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

வை. மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்து 1960இல் மறைந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 1925 முதல் திருவல்லிக்கேணியிலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். 'வை. மு.' என்ற முதலெழுத்துகள் கணவர் குடும்பத்தினுடையவை. ஆகவே ஒரு நூலகத்தில் வகரத்திலும், இன்னொன்றில் ககரத்திலும், ஆங்கிலக் கார்டுகளில் 'வி. எம்.' என்ற முதலெழுத்துகளோடும் கிடைப்பார். ஆங்கிலத்தில் 'கோதை' என்பதை 'டி' போட்டு எழுதியவர்கள் உண்டு, 'டிஹெச்' போட்டு எழுதியவர்களும் உண்டு. 'நாயகி' என்பதன் கடைசி அசைக்கு 'கே', 'ஜி' இரண்டும் உண்டு. 'அம்மாள்' சில இடங்களில் பெயரின் பகுதி, சில இடங்களில் குடும்பப்பெயர் போல முன்னால் வந்து நிற்கும். இத்தனையையும் பெருக்கிப் பாருங்கள், தாள் நிறைந்துவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக்குப் போனால் எழுத்துக்கூட்டல் இன்னும் மோசம். பெரும் வணிகரான காசி வீரண்ணாவையே கம்பெனிக் குமாஸ்தாக்கள் 'வெரோனா' ஆக்கினார்கள். கோடீசுவரருக்கே இந்தக் கதி என்றால் ஒரு விதவையின் மனுவில் அவள் பெயர் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லட்சுமியை 'லெட்ச்மீ' என்றும், மீனாட்சியை 'மீனாட்சீ', 'மினாச்சி' என்றும், அம்மாளை 'உம்மால்' என்றும் உரக்கப் படித்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குப் பிடிபடும்.

பெயர்த் தாளில் இன்னொரு பத்தியும் வேண்டும்: ஒரே பெயரில் யார் யார் இருந்தார்கள் என்பது. 'திருமதி சத்தியநாதன்' என்ற பெயர் இதற்குச் சரியான பாடம். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் மனைவி அன்னா, பெண்கள் பள்ளிகளை நடத்தியவர், 1890இல் மறைந்தார். அவர் மகன் சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய், 1878இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து உடல்நலம் இடம் கொடுக்காமல் விலகி, ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1894இல் மறைந்தார். சாமுவேலின் இரண்டாவது மனைவி கமலா, 1901இல் மெட்ராஸிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். மூவருமே அச்சில் 'திருமதி சத்தியநாதன்'. போதாக்குறைக்குக் கிருபாபாய் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'கமலா'. நூலாசிரியர் பத்தியிலும் தலைப்புப் பத்தியிலும் இந்த இரண்டும் இடம் மாறி நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆண்டுதான் கத்தி. கிருபாபாயின் திருமணம் 1883. அதற்கு முன்னால் 'திருமதி சத்தியநாதன்' என்று வந்தால் அது அன்னா. 1883 முதல் 1890 வரை மாமியாரா மருமகளா என்று உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். 1901க்குப் பிறகு வெளியான புதிய எழுத்து என்றால் கமலா. மறுபதிப்பு என்றால் மட்டும் மறுபடி யோசிக்க வேண்டும்.

புனைபெயரையும் மறக்க வேண்டாம். கிருபாபாயின் தொடக்கக் கட்டுரைகள் 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற பொருள்படும் கையொப்பத்தோடு வந்தவை. அப்படிப்பட்ட கையொப்பத்தை ஓர் இதழில் கண்டால் உடனே ஆளைத் தீர்மானித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது பலர் போட்டுக்கொண்ட முக்காடு. அதே கட்டுரை பின்னால் தொகுப்பு நூலில் சொந்தப் பெயரில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்கலாம்.

எந்தக் கட்டடத்தில் எது

1660களில் கோட்டையிலிருந்து துணிப் பொதியை லண்டனுக்கு அனுப்பி, விற்ற காசில் புத்தகம் வாங்கி வரச் சொன்னார்கள் கம்பெனிக்காரர்கள். நகரத்தின் நூலகக் கதை அங்கே தொடங்குகிறது. இன்று தேடுபவருக்குப் பயன்படும் இடங்கள் நான்கைந்துதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு.

கன்னிமாரா பொது நூலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில், அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. 1890இல் அடிக்கல், 1896இல் திறப்பு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அதனால் 1955க்குப் பிறகு அச்சான வாழ்க்கை வரலாறுகள், நினைவு மலர்கள், பள்ளிப் பொன்விழா மலர்கள் ஆகியவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். பொன்விழா மலர்களை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் படமும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய தொகுப்பைப் பெரும்பாலும் பணியாளரிடம் எழுதிக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

மெட்ராஸ் இலக்கியச் சங்கம் 1812இல் தொடங்கியது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் சிவப்புக் கட்டடம். சந்தா கட்டி உறுப்பினராகலாம். வெள்ளையர்களின் பயணநூல்கள், கடிதத் தொகுப்புகள், பழைய டைரக்டரிகள் இங்கே பலம். 1830களின் இறுதியில் மெட்ராஸ் மாகாணத்தில் வாழ்ந்து கடிதங்கள் எழுதிய ஜூலியா மைட்லண்ட் போன்றவர்களை வாசிக்க ஏற்ற இடம். அவர்கள் எழுத்தில் உள்ளூர்ப் பெண்கள் 'ஆயா', 'வேலைக்காரி' என்று பெயரில்லாமல்தான் வருவார்கள். அது தெரிந்தே போக வேண்டும்.

தமிழ் இதழ்களுக்கும் நாவல்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. இதன் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பெயர்த் தாளின் எல்லா வடிவங்களையும் முதலில் அதில் போட்டுப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் அப்படியே. வீட்டிலிருந்தே ஒரு நாளில் முடிக்கக்கூடிய இந்த வேலையைச் செய்யாமல் தரமணிக்குப் பஸ் ஏறுவது வீண்.

1886இல் தொடங்கிய அடையாறு நூலகம், பிரம்மஞான சபை வட்டாரத்துப் பெண்களுக்கு. 1917இல் அடையாறில் உருவான இந்தியப் பெண்கள் சங்கம், அதன் 'ஸ்திரீ தர்மம்' இதழ், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா என்று தொடங்கும் சரடு அங்கிருந்து பிடிபடும். ஓலைச்சுவடி நூலகங்கள் இந்த வேலைக்கு அநேகமாகத் தேவைப்படாது.

கடைசியாக, எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் எழுந்த கட்டடம், 1670கள் முதலான கம்பெனிப் பதிவுகள். இது நூலகம் இல்லை, காப்பகம். நுழைந்தவுடன் எதுவும் கையில் கிடைக்காது. அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, ஆய்வுப் பொருளைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு போய், என்ன கட்டணம், எந்த நேரம், நாளைக்கு எத்தனை கோப்பு கேட்கலாம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் போக வேண்டிய இடத்துக்கு ஆர்வக்கோளாறில் முதலில் போய், கோப்பு எண் தெரியாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

காலாண்டுப் பட்டியல் என்ற புதையல்

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி, மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டியிருந்தது. பதிவானவற்றின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டின் பிற்சேர்க்கையாக அச்சானது. ஆவணக் காப்பகத்தில் தொகுதிகள் உண்டு. சில ஆண்டுகள் இணையத்திலும் கிடைக்கின்றன. பெண்களைத் தேட இதைவிடக் கூரான கருவி வேறில்லை என்பது எங்கள் கருத்து.

ஏனென்றால் ஒவ்வொரு நூலுக்கும் பல பத்திகள்: தலைப்பு, மொழி, எழுதியவர் அல்லது பதிப்பித்தவர், பொருள், அச்சான இடம், அச்சகத்தார் பெயர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, விலை, கடைசியாகப் பதிப்புரிமை யாருடையது, அவர் முகவரி என்ன. எல்லோரும் எழுதியவர் பத்தியை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். கணவர் இறந்த பிறகு அச்சகத்தை நடத்திய மனைவி, தகப்பனார் நூலின் உரிமையை வைத்திருந்த மகள், தன் காசில் பதம், ஜாவளித் தொகுப்பு அச்சிட்ட இசைக் கலைஞர் எல்லோரும் உரிமைப் பத்தியில்தான் நிற்பார்கள்.

படிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஓர் அடிஸ்கேலை வரிக்குக் கீழே பிடித்து, உரிமைப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டுங்கள். அம்மாள், அம்மா, அம்மணி, பாய், தாயார், பீவி, பேகம், மிஸ், மிசஸ் ஆகிய ஒட்டுகளில் கண் நிற்க வேண்டும். தெலுங்கு நூல்களை விட்டுவிடாதீர்கள். பழைய மெட்ராஸின் அச்சு உலகில் தெலுங்குக்குக் கணிசமான பங்கு உண்டு. ஒரு நாளுக்கு நான்கு காலாண்டு, அதாவது ஓராண்டுப் பட்டியல், அதற்கு மேல் ஓட்டினால் கண் ஏமாற்றும். ஏமாற்றியது உங்களுக்கே தெரியாது என்பதுதான் சங்கடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த பக்கங்களை மறுநாள் காலையில் ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

படிகளின் எண்ணிக்கைப் பத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் நூல் 250 படி அச்சானதா, 2,000 படி அச்சானதா என்பது, அது நண்பர்களுக்குக் கொடுத்ததா, கடையில் விற்றதா, பாடநூலாகப் போனதா என்று யூகிக்க உதவும். இரண்டாம் பதிப்பு இருந்தால் அடுத்தடுத்த ஆண்டுகளையும் பாருங்கள்.

இந்தப் பட்டியலின் ஓட்டை என்னவென்றால், தெருவில் மலிவாக விற்ற, பதியாமல் போன குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் இதில் வராது. இங்கே இல்லை என்பதால் எழுதவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 1867க்கு முந்தைய தமிழ் அச்சுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட வகைப்படுத்திய பட்டியலைப் பார்க்கலாம்.

அரசாணைக்குள் நுழையும் வழி

கோப்பை நேரடியாகக் கேட்க முடியாது. துறை, அரசாணை எண், நாள் மூன்றும் வேண்டும். மூன்றும் கிடைப்பது ஆண்டு அட்டவணைத் தொகுதிகளில். துறைக்கு ஒன்றாக அச்சிட்ட இந்தத் தொகுதிகளில் 'பெண்கள்' என்ற தலைப்பைத் திறந்தால் நாலு வரி இருக்கும், ஏமாந்து மூடிவிடாதீர்கள். பெண்கள் இருக்கும் தலைப்புகள் வேறு: பெண்கள் பள்ளி மானியம், மருத்துவச்சி, கோஷா (திரைமறைவில் வாழும் பெண்களுக்கான) மருத்துவமனை, விதவை ஓய்வூதியம், கருணைத் தொகை, வாரிசில்லாச் சொத்து, நாட்டியக்காரிகள், ஆசிரியப் பயிற்சி, அநாதை இல்லம், சிறை. இவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியிலும் வரிசையாகப் பாருங்கள்.

எந்தத் துறை என்பதிலும் சறுக்கல் நேரும். இசைக் கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாளின் கதையைப் பாருங்கள். தஞ்சை அரசவையைச் சேர்ந்த முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனமு' காவியத்தை நாகரத்தினம்மாள் 1910இல் மெட்ராஸ் வாவிள்ள அச்சகத்தின் வழியாக முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று புகார் எழுந்து அரசு நூலைத் தடுத்தது. தடை விலகியது 1947இல், பிரகாசம் ஆட்சியில். இதைக் கல்வித் துறையிலோ இலக்கியத்திலோ தேடினால் ஒன்றும் வராது. தடை என்பது நீதித்துறைச் சமாச்சாரம். அதிலும் 'நாகரத்தினம்' என்பதைவிட அச்சகத்தின் பெயரில், அல்லது 'ஆட்சேபகரமான நூல்கள்' என்ற தலைப்பில் தேட வேண்டும். பெண்ணின் வாழ்க்கையில் அரசுக்கு எது தலைவலியாக இருந்தது என்று கேளுங்கள்; அந்தத் தலைவலியின் பெயரில்தான் கோப்பு இருக்கும்.

அரசியலில் இருந்த பெண் என்றால், 'சார்புச் செயலர் பாதுகாப்பில் உள்ள ரகசியக் கோப்புகள்' என்ற தனித் தொகுதியையும், உள்ளூர் மொழி இதழ்களிலிருந்து அரசுக்காக மொழிபெயர்த்துத் தொகுத்த வாராந்திர அறிக்கைகளையும் கேளுங்கள். மூல இதழே அழிந்துபோன பின்னும் இந்த மொழிபெயர்ப்புச் சுருக்கம் மிஞ்சியிருப்பது உண்டு. ஆனால் மொழிபெயர்த்தவர் அரசு ஊழியர் என்பதை மறந்து அதை அப்படியே மேற்கோளாகப் போட்டால், அந்தப் பெண் எழுதாத வாக்கியத்தை அவர் வாயில் திணித்ததாகும்.

1726ஆம் ஆண்டுச் சாசனப்படி அமைந்த மேயர் நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள் அச்சாகியிருக்கின்றன. கடன், நகை, வீடு என்று வழக்காடிய பெண்கள் அங்கே உண்டு. வழக்கின் தீர்ப்பைவிடச் சொத்துப் பட்டியல்தான் தங்கம்: ஒருத்தி வீட்டில் என்ன பாத்திரம், என்ன துணி, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் வரும்.

மருத்துவக் கல்லூரிப் பெண்களைத் தேடுவது தனிப் பயிற்சி. 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்த நால்வரில் மேரி ஷார்லீப் பேர் பெற்றார். 1885இல் சாதி, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது, இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மற்ற மூவர் மிஸ் ஒயிட், மிஸ் பீல், மிஸ் மிட்செல். ஒற்றை எழுத்தும் குடும்பப்பெயரும் மட்டும். இப்படிப்பட்டவர்களைப் பின்தொடர மருத்துவத் துறை நியமனங்களை ஐந்தாறு ஆண்டுக்குப் பார்த்து, பெயர் சட்டென்று மறைந்தால் அந்த ஆண்டின் திருமணப் பதிவேட்டுக்குத் தாவ வேண்டும். பட்டதாரிகளுக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகக் காலண்டர்கள் உதவும். சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பி.ஏ. முடித்ததைப் போன்ற செய்திகளைச் சரிபார்க்க அங்கே போகலாம். 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி, 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரி இரண்டின் ஆண்டு மலர்களையும் கேட்டுப் பாருங்கள். 1927இலிருந்து முத்துலட்சுமி ரெட்டி பேசியவற்றைச் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளில் பேச்சாளர் அட்டவணையிலேயே எளிதாக எடுக்கலாம், அது சிரமமில்லை.

பதிவேடும் கல்லும்

கோட்டை ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் ஆண்டுப் படிகள் லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. அங்கே இல்லாத பெயர் இங்கே இருக்கலாம், இங்கே சிதைந்தது அங்கே தெளிவாக இருக்கலாம். இந்த நாட்டுப் பெண்ணை ஒரு சிப்பாய் மணந்தால் ஆலயத்தில் கொடுத்த கிறித்தவப் பெயர் மட்டும் எழுதப்படுவது வழக்கம். பிறந்த பெயர் அங்கே கிடைக்காது. மரியா, அன்னா என்று ஏராளமாக இருப்பார்கள். இருவரை ஒருவராக்கிவிடும் பிழை இந்த இடத்தில்தான் நடக்கும். கணவர் பெயர், படைப்பிரிவு, ஆண்டு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒரே ஆள் என்று எழுதாதீர்கள்.

ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களில் ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் கல்லும் ஒன்று, ஆண்டு 1652. இந்தியாவில் உள்ள ஆங்கிலேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்தக் கற்களுக்கு அடியில் அடக்கம் இல்லை. பழைய இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பின்னர் கற்களை மட்டும் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 'இங்கே உறங்குகிறார்' என்று எழுதிவிட்டால் பிழை.

கல்வெட்டு தேய்ந்திருந்தால் சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்க வேண்டாம். காலை ஏழரைக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தானே எழும். ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கம்பெனிக் காலத்துக்கு ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட மெட்ராஸ் வரலாற்றுத் தொகுதிகளின் அட்டவணைத் தொகுதி கைவிளக்கு. அதிலும் பெண்ணைக் கணவர் பெயரில் பார்த்தால்தான் சீக்கிரம் கிடைக்கும்.

தேதி ஏமாற்றும்

1752க்கு முன் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள பதிவுகளில் '1679/80' என்று இரட்டை ஆண்டு வரும். இரண்டையுமே எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை வெட்டினால் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாக ஆகிவிடும். வருவாய்த்துறைத் தாள்களில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கும் ஆண்டு.

தமிழ் நூல்களில் வருடப் பெயர் மட்டும் போட்டிருந்தால் அறுபது ஆண்டுச் சிக்கல். பிரபவ என்றால் 1867–68ஆகவும் இருக்கலாம், 1927–28ஆகவும் இருக்கலாம். சார்வரி என்றால் 1900ஆ 1960ஆ? விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் புதிய நாணயம் வருவதற்கு முந்தையதாகவே பெரும்பாலும் இருக்கும். அச்சக முகவரியில் 'பிளாக் டவுன்' என்றிருந்தால், அந்தப் பகுதி ஜார்ஜ் டவுன் ஆன 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தையது. தெருப்பெயரையும் இப்படியே இன்றைய பெயரோடு இணைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ஷல்ஸ் சாலை இன்று ருக்மணி லட்சுமிபதி சாலை.

கையில் எடுக்கும்போது

பென்சில் மட்டும். எச்சில் தொட்டுப் புரட்டினால் அந்தக் காலத் தாள் அமிலம் ஏறிப்போனது என்பதால் மூலை கையோடு வந்துவிடும். பக்கத்தின் மேல் வலது ஓரத்தை விரலால் உயர்த்தி, உள்ளங்கையால் தாங்கிப் புரட்ட வேண்டும். பைண்டிங்கை 180 டிகிரிக்கு விரித்து அமுக்கினால் முதுகு உடையும். இரண்டு பக்கமும் வேறு புத்தகத்தை முட்டுக் கொடுத்து வி வடிவில் வைத்துப் படியுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டிக் கொடுப்பது உதவி இல்லை, அந்தப் பக்கத்துக்குச் செய்யும் கேடு.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, முதல் படம் கோப்பு முகப்பு அல்லது தலைப்புப் பக்கம், இரண்டாவது அதன் பின்பக்கம், மூன்றாவது நூலக அழைப்பெண். பிறகுதான் உள்ளடக்கம். இந்த மூன்று இல்லாமல் எடுத்த இருநூறு படங்கள் ஆறு மாதம் கழித்து எந்தக் கோப்பினுடையவை என்று தெரியாமல் குப்பையாகக் கிடக்கும்.

இதழ்களில் ஒரு சோகம் உண்டு. ஆண்டுத் தொகுதியாக பைண்டிங் செய்தபோது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஆசிரியை வீட்டு முகவரி, சந்தா விவரம், அவர் நடத்திய அச்சகத்தின் விளம்பரம் எல்லாம் அந்த அட்டையில்தான் இருந்திருக்கும். ஆகவே பைண்டிங் செய்யாத ஒற்றை இதழ் எங்காவது கிடைத்தால், உள்ளடக்கம் ஏற்கெனவே படித்ததாக இருந்தாலும் அதையும் பாருங்கள். 'இந்தியன் லேடீஸ் மேகசின்' போன்ற இதழில் தலைப்பட்டியல் மட்டும் பார்த்துவிட்டு நகரவும் கூடாது. வங்கத்து ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதலில் அச்சானது இந்த மெட்ராஸ் இதழில்தான். யார் யாருக்கு இடம் கொடுத்தார் என்பதும் ஆசிரியையின் வரலாறே.

எழுதும்போது

ஒரு செய்திக்கு இரண்டு தனித்தனி ஆதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நினைவு மலரைப் பார்த்து எழுதிய மூன்று கட்டுரைகள் மூன்று ஆதாரம் ஆகா. 'முதல் பெண்' என்ற பட்டத்தை எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். எதில் முதல், மாகாணத்திலா நகரத்திலா, இந்துப் பெண்களிலா எல்லாப் பெண்களிலுமா என்று எல்லை கட்டிய பிறகும் அது நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 'முதல் சிலரில் ஒருவர்' என்பதுதான் நிற்கும். விக்கிப்பீடியாவுக்கு எழுதுவதாக இருந்தால் அரசாணை மட்டும் போதாது, அச்சான இரண்டாம்நிலை நூலும் வேண்டும். ஆகவே முதலில் ஓர் இதழில் கட்டுரையாக வெளியிடுவது நல்லது.

தேவரடியார் மரபில் வந்தவர்களைப் பற்றிக் கோப்பில் இருக்கும் சொற்கள் அந்தக் காலத்து அதிகாரியின் சொற்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும், உங்கள் வாக்கியத்துக்குள் வர வேண்டாம். வாழும் உறவினர்களின் பெயரையும் முகவரியையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

நூலையே ஸ்கேன் செய்து பகிர நினைத்தால் ஆசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு கணக்கிடுங்கள். 1960இல் மறைந்த கோதைநாயகியின் எழுத்து 2021 ஜனவரியில் பொதுவுடைமைக்கு வந்தது.

வேலை முடிந்ததும் ஒரு படியை நூலகத்துக்குக் கொடுங்கள். கூடவே, நூலகரிடம் பெயர்த் தாளின் நகலையும் கொடுத்து, அட்டவணையில் ஒரு குறுக்குக் குறிப்புச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்: "சத்தியநாதன், திருமதி எஸ். — 1894க்கு முன் என்றால் பார்க்க: கிருபாபாய், 1901 முதல் என்றால் பார்க்க: கமலா." இரண்டு வரிதான், ஒரு கார்டில் அடங்கும்.